விலாசத்தில் ஒரு கூட்டல் குறி

தமிழ்நாட்டில் சாக்கோட்டை என்ற பெயரில் இரண்டு ஊர்கள் உண்டு. ஒன்று, காரைக்குடிக்குப் பக்கத்தில் வீரசேகரர் கோயில் கொண்டிருக்கும் செட்டிநாட்டுச் சாக்கோட்டை. மற்றொன்று, கும்பகோணத்துக்குப் பக்கத்தில் காவிரிப் பாசனத்தில் இருக்கும் தஞ்சை மாவட்டத்துச் சாக்கோட்டை. ஒரு கடிதத்தின் மேல் பெயரையும் "சாக்கோட்டை" என்ற ஊரையும் மட்டும் எழுதித் தபால் பெட்டியில் போட்டுவிட்டால், தபால் பிரிக்கிறவர் என்ன செய்வார்? சோழநாட்டுக்கு அனுப்புவாரா, பாண்டிநாட்டுக்கு அனுப்புவாரா?

இந்தத் தொல்லை தெரிந்துதான் நம் பெரியவர்கள் உறையின் மேல் "வழி காரைக்குடி, இராமநாதபுரம் ஜில்லா" என்று மறக்காமல் எழுதினார்கள். 1985ல் ஜில்லா பிரிந்தது. பின்னாளில் "சிவகங்கை மாவட்டம்" என்று எழுதினார்கள். அதற்கு முன்பே, 1972ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் தேதி, தபால் இலாகா ஆறு இலக்கப் பின்கோடு முறையைக் கொண்டு வந்துவிட்டது. அந்த முறையை வகுத்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் என்ற அதிகாரி. ஒரே பெயரில் பல ஊர்கள் இருப்பதும், விலாசங்கள் பல மொழிகளில் எழுதப்படுவதும் தபாலைத் திசைமாற்றி அலைக்கழித்ததால் பிறந்த முறை அது. இன்று காரைக்குடிப் பக்கத்துச் சாக்கோட்டையின் எண் 630 என்று தொடங்குகிறது. கும்பகோணத்துச் சாக்கோட்டையின் எண் 612 என்று தொடங்குகிறது. முதல் மூன்று இலக்கத்தைப் பார்த்த மாத்திரத்தில் கடிதம் எந்தப் பைக்குள் விழவேண்டும் என்பது தீர்மானமாகிவிடுகிறது. கடிதத்தைப் பிரித்துப் படிக்க வேண்டியதில்லை. உறையின் மேல் ஒரு சின்னக் குறி இருந்தால் போதும்.

இவ்வளவும் எதற்காகச் சொல்கிறேன் என்றால், காகிதத் தபாலில் நாம் இவ்வளவு ஒழுங்கைப் பழகிக் கொண்டோம். ஆனால் மின்னஞ்சலில் அந்த ஒழுங்கை முற்றிலும் கைவிட்டுவிட்டோம். வீட்டுக்கு வீடு கைப்பேசி வந்துவிட்டது. கைப்பேசி இருந்தால் மின்னஞ்சல் விலாசம் ஒன்றும் இருக்கிறது. அந்த விலாசத்துக்கு நாள்தோறும் என்ன வருகிறது என்று யாராவது திறந்து பார்க்கிறோமா? பார்த்தால் தலை சுற்றும். புடவைக் கடைத் தள்ளுபடி, கடன் வேண்டுமா என்ற அழைப்பு, எப்போதோ ஒரு தடவை சட்டை வாங்கிய கடையின் பொங்கல் வாழ்த்து, ஆடித் தள்ளுபடி, தீபாவளி வாழ்த்து. இந்தக் குப்பைக்கு நடுவே, பாங்கியின் கணக்கு விவரம், தேர்வு வாரியத்தின் அழைப்பு, வருமான வரி இலாகாவின் தாக்கீது! நெல்லும் பதரும் ஒரே மூட்டையில் கிடந்தால், அவசரத்துக்கு நெல்லைப் பொறுக்க முடியுமா?

"பார்க்கவில்லை" என்றால் போதுமா?

கடிதம் கண்ணில் படவில்லை என்று சொல்லித் தப்பித்துக் கொள்ளலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 13ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. இன்ன விலாசத்துக்கு எழுதுங்கள் என்று நீங்கள் குறித்துக் கொடுத்திருந்தால், வேறு உடன்பாடு எதுவும் இல்லாத வரையில், அந்தக் கம்ப்யூட்டருக்குள் கடிதம் நுழைந்த நேரமே அது உங்களுக்குக் கிடைத்த நேரம் என்பது அதன் சாரம். நீங்கள் படித்த நேரம் அல்ல. வந்து சேர்ந்த நேரம். பதிவுத் தபாலிலாவது தபால்காரர் கதவைத் தட்டிக் கையெழுத்து வாங்கினார். மின்னஞ்சல் கதவைத் தட்டுவதில்லை. சத்தமில்லாமல் உள்ளே வந்து, ஐந்நூறு விளம்பரங்களுக்கு அடியில் படுத்துக் கொள்கிறது. கெடு மட்டும் ஓடிக் கொண்டே இருக்கிறது.

அரசுத் தேர்வு எழுதுகிற பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். விண்ணப்பத்தில் மின்னஞ்சல் விலாசம் கட்டாயம் கேட்கிறார்கள். சான்றிதழ்களைச் சரிபார்க்க வரச் சொல்லும் செய்தி அந்த விலாசத்துக்கு வரலாம். இரண்டு வருஷம் கண் விழித்துப் படித்த படிப்பு, ஒரு கடிதத்தைப் பார்க்கத் தவறியதால் வீணாகலாம் என்றால், இது சின்ன விஷயமா? தபாலைப் பிரித்து வைப்பது ஏதோ வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்று எண்ணுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இதற்கு மருந்து இருக்கிறது. காசு செலவில்லாத மருந்து. பலருக்கு அது இருப்பதே தெரியாது என்பதுதான் வருத்தம்.

செட்டிநாடு கண்ட வழி

அந்த மருந்தைச் சொல்வதற்கு முன்னால், செட்டிநாட்டில் "விலாசம்" என்ற சொல்லுக்கு உள்ள தனிப் பொருளைச் சொல்ல வேண்டும். மற்ற ஊர்களில் விலாசம் என்றால் கதவு எண்ணும் தெருவும்தான். நகரத்தார் வழக்கில் விலாசம் என்பது பெயருக்கு முன்னால் வரும் எழுத்துக்களையும் குறிக்கும். ஆனா, மூனா, ரூனா, சூனா என்று அந்த எழுத்துக்களை அடுக்கிச் சொன்னால், இன்ன ஊர், இன்ன வீடு, இன்னார் பேரன் என்று கேட்டவர் சொல்லிவிடுவார்.

இது ஏன் வேண்டியிருந்தது? தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைப்பது அங்கே வழக்கம். முத்தையாவின் மகன் சிதம்பரம், சிதம்பரத்தின் மகன் முத்தையா, மறுபடியும் சிதம்பரம் என்று சங்கிலி போல ஓடும். ஒரே ஊரில் ஒரே சமயத்தில் பத்து முத்தையா இருப்பார்கள். வெறும் பெயரைக் கொண்டு ஆளைப் பிரிக்க முடியாது. முன்னெழுத்தைக் கொண்டு பிரித்தார்கள். 1937ல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே சமயத்தில் இந்தியன் ஓவர்சீஸ் பாங்கியைத் திறந்தவர் சிதம்பரம் செட்டியார். ஆனால் "சிதம்பரம் செட்டியார்" என்று மட்டும் சொன்னால் யாருக்குத் தெரியும்? "எம்.சிடி.எம்." என்ற முன்னெழுத்து சேர்ந்தால்தான் ஆள் யார் என்பது விளங்கும்.

கடல் கடந்த தொழிலிலும் இதே எழுத்துத்தான் துணை நின்றது. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் அந்தக் காலத்தில் கிட்டங்கிகள் இருந்தன. ஒரு கிட்டங்கியில் ஒரே கூரையின் கீழ்ப் பல கடைகள் நடந்தன. ஆளுக்கொரு பெட்டி, ஒரு சாய்வு மேஜை, அவரவர் கணக்குப் புத்தகம். தெருவும் கதவு எண்ணும் எல்லாருக்கும் ஒன்றுதான். ஊரிலிருந்து வரும் கடிதம் எந்தப் பெட்டிக்குப் போக வேண்டும் என்பதைக் கதவு எண் சொல்லாது. உறையின் மேல் இருக்கும் விலாச எழுத்துச் சொல்லிவிடும். வாசல் ஒன்று, உள்ளே பிரிவு பல. நான் சொல்லப் போகும் மின்னஞ்சல் முறையும் எழுத்துக்கு எழுத்து இதுவேதான்.

பத்திரிகை வாசகர்களுக்கு இன்னோர் உதாரணமும் சொல்லலாம். குறுக்கெழுத்துப் போட்டிக்கு விடை அனுப்பும்போது, "உறையின் மேல் 'போட்டி' என்று தவறாமல் எழுதவும்" என்று ஆசிரியர் கேட்டுக்கொள்வார். வரன் தேவை விளம்பரத்தில் "பெட்டி எண்" கொடுத்திருப்பார்கள். பத்திரிகையின் விலாசம் ஒன்றே. ஆனால் போட்டி விடை ஒரு மேஜைக்கும், கேள்வி பதில் ஒரு மேஜைக்கும், வரனுக்கு எழுதிய கடிதம் பெட்டி எண்ணின்படி விளம்பரதாரருக்கும் போகிறது. எழுதுகிறவர் ஒரு சொல் கூடுதலாக எழுதினார். வாங்குகிறவருக்கு ஒரு நாள் வேலை மிச்சம்.

கூட்டல் குறியின் வித்தை

மின்னஞ்சல் விலாசத்தில் நடுவே "@" என்ற சுழிக் குறி இருக்கிறது. 1971ல் ரே டாம்லின்சன் என்ற அமெரிக்க இஞ்சினீயர் இந்த வேலைக்கு அதைத் தேர்ந்தெடுத்தார். அந்தச் சுழிக்குப் பின்னால் இருப்பது ஊர்; முன்னால் இருப்பது வீடு. உலகத்திலுள்ள மற்றத் தபால் கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஊரை மட்டும் பார்த்துக் கடிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். முன்பகுதிக்கு என்ன பொருள் என்று தீர்மானிக்கும் உரிமை, போய்ச் சேரும் ஊரின் கம்ப்யூட்டருக்கு மட்டுமே உண்டு. இது இணையத்தின் அடிப்படை விதிகளில் ஒன்று.

இந்த உரிமையை வைத்துக் கொண்டு சில தபால் சேவைகள் ஒரு சௌகரியம் செய்து கொடுத்திருக்கின்றன. உங்கள் விலாசம் "உங்கள்பெயர்@ஜிமெயில்.காம்" என்று வைத்துக்கொள்வோம். பாங்கியில் விலாசம் கேட்டால் "உங்கள்பெயர்+வங்கி@ஜிமெயில்.காம்" என்று எழுதிக் கொடுக்கலாம். துணிக்கடையில் கேட்டால் "உங்கள்பெயர்+கடை@ஜிமெயில்.காம்". தேர்வு விண்ணப்பத்தில் "உங்கள்பெயர்+தேர்வு@ஜிமெயில்.காம்". இங்கே தமிழில் எழுதினாலும், விண்ணப்பத்தில் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். இதற்காகப் புதுக் கணக்கு திறக்க வேண்டாம். யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். கூட்டல் குறிக்குப் பின்னால் என்ன எழுதினாலும் கடிதம் உங்களுடைய அதே பெட்டிக்குத்தான் வந்து சேரும். ஆனால் எந்தக் குறியோடு வந்தது என்பது கடிதத்தின் தலையிலேயே எழுதியிருக்கும்.

ஜிமெயில் 2004ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி தொடங்கியது. இந்த முறை அதற்கும் முந்தியது. பல்கலைக்கழகங்களிலும் ஆராய்ச்சிக் கூடங்களிலும் பழைய தபால் மென்பொருள்கள் கூட்டல் குறியையோ சிறு கோட்டையோ வைத்து இதே காரியத்தைச் செய்து வந்தன. இத்தகைய குறியைப் பார்த்துத் தபாலைப் பிரிப்பதற்கென்று 2008ல் 5233 என்ற எண்ணுள்ள இணைய விதிக் குறிப்பும் வெளிவந்திருக்கிறது. மைக்ரோசாப்டின் அவுட்லுக் சேவையும் கூட்டல் குறியை ஏற்கிறது. சில சேவைகளில் குறிச்சொல்லின் பெயரில் ஒரு ஃபோல்டர் இருந்துவிட்டால், கடிதம் நேராக அதற்குள்ளேயே போய் உட்கார்ந்து கொள்கிறது.

ஜிமெயிலில் நாம்தான் ஒரு முறை சொல்லிக் கொடுக்க வேண்டும். கைப்பேசியில் சிரமப்பட வேண்டாம். கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து கொள்ளுங்கள். "செட்டிங்ஸ்" பகுதிக்குள் "ஃபில்டர்" என்று ஓர் இடம் இருக்கிறது. புது ஃபில்டர் ஒன்றைத் தொடங்கி, "பெறுநர்" என்ற கட்டத்தில் குறியோடு கூடிய விலாசத்தை எழுதுங்கள். பிறகு, அப்படி வரும் கடிதத்துக்கு எந்தப் பெயர்ச் சீட்டு ஒட்ட வேண்டும் என்று குறியுங்கள். ஜிமெயிலில் ஃபோல்டருக்குப் பதிலாக "லேபிள்" என்று சொல்கிறார்கள். "ஒருபோதும் ஸ்பாமில் போடாதே" என்ற கட்டமும் அங்கேயே இருக்கிறது. தேர்வுக்கும் பாங்கிக்கும் அதில் ஒரு டிக் போட்டுவிடுங்கள். ஐந்து நிமிஷ வேலை. ஒரு முறை செய்தால் வருஷக் கணக்கில் தானாக நடக்கும்.

ஒரு வீடு, ஒரு பெட்டி

இதனால் யாருக்கு அதிக லாபம்? பெரிய உத்தியோகஸ்தர்களுக்கு அல்ல. அவர்களுக்குக் காரியதரிசி உண்டு. சாக்கோட்டை போன்ற ஊர்களில் இருக்கும் சாதாரணக் குடும்பங்களுக்குத்தான்.

இத்தகைய குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தகப்பனார் ஓய்வு பெற்ற ஆசிரியர். அம்மாவின் பெயரில் காஸ் இணைப்பு. மகன் சிங்கப்பூரில் வேலை. மகள் காரைக்குடியில் கல்லூரிப் படிப்பு. கூடவே அரசுத் தேர்வுக்கும் படிக்கிறாள். வீட்டில் மின்னஞ்சல் பார்க்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஆகவே அப்பாவின் பென்ஷன், அம்மாவின் காஸ், வீட்டு வரி, மின்சார வாரியம், இன்ஷூரன்ஸ் எல்லாவற்றுக்கும் அவளுடைய விலாசமே கொடுக்கப்பட்டிருக்கிறது. நாளைக்கு அவளுக்குக் கல்யாணமாகிப் புக்ககம் போனால் என்ன ஆகும்? அப்பாவின் பென்ஷன் கடிதமும் கூடவே புக்ககம் போகும்!

எனவே குடும்பத்துக்கென்று ஒரு பொதுப் பெட்டி வைத்துக்கொள்வது நல்லது. "+அப்பா", "+அம்மா", "+வீடு" என்று குறியிட்டு விலாசம் கொடுக்க வேண்டும். மகளுக்குத் தேர்வு முதலான சொந்தக் காரியங்களுக்குத் தனிப் பெட்டி இருக்கட்டும். பொதுப் பெட்டியின் சாவி, அதாவது கடவுச்சொல், வீட்டில் இருவருக்குத் தெரிந்திருக்கட்டும். சிங்கப்பூரிலிருக்கும் மகனும் இரவு வேலை முடிந்து வந்து "அப்பா" என்ற சீட்டைத் தட்டினால், அப்பாவின் கடிதம் மட்டும் வரிசையாக நிற்கும். நம் கணக்குப்பிள்ளைகள் பேரேட்டில் ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கிப் பற்று வரவு எழுதினார்களே, அந்த மாதிரி. ஒரே புத்தகம், பக்கம் வேறு வேறு.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். விண்ணப்பம் பதிவு செய்து கொடுக்கும் கடைகளுக்குப் போகிறவர்களில் பலர், தங்களுக்கு மின்னஞ்சல் இல்லை என்று சொல்லி, கடைக்காரரின் விலாசத்தையே கொடுத்துவிட்டு வருகிறார்கள். கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவருடைய பெட்டிக்கு ஊரிலுள்ள நூறு பேரின் கடிதம் வந்து குவிந்தால் அவர்தான் என்ன செய்வார்? உங்கள் கடிதம் உங்கள் கைக்கு வர வேண்டும். கடவுச்சொல் மறந்து போனால் புதுச் சொல் வாங்கும் கடிதமும் அந்த விலாசத்துக்குத்தான் போகிறது என்பதை நினைவில் வையுங்கள். வீட்டுச் சாவியை எதிர்க் கடையில் கொடுத்து வைப்பது ஒரு நாளைக்குச் சரி. ஆயுளுக்கும் கொடுத்து வைக்கலாமா?

யார் காட்டிக் கொடுத்தது?

கூட்டல் குறியில் இன்னோர் ஆதாயமும் உண்டு. ஒரு கடைக்கு மட்டும் அதன் பெயரையே குறியாக வைத்து விலாசம் கொடுத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதம் கழித்து, சம்பந்தமே இல்லாத ஒரு கடன் கம்பெனியிலிருந்து அந்தக் குறியோடு கூடிய விலாசத்துக்குக் கடிதம் வருகிறது. விஷயம் வெட்ட வெளிச்சமாகிவிட்டது! உங்கள் விலாசம் அந்தக் கடையிலிருந்துதான் வெளியே போயிருக்கிறது. விற்றார்களோ, திருட்டுக் கொடுத்தார்களோ, அது அவர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

2023ல் நம் பார்லிமெண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. ஒருவருடைய விவரத்தை எந்தக் காரியத்துக்கென்று சொல்லி வாங்கினார்களோ, சம்மதம் அந்தக் காரியத்துக்கு மட்டுமே. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் உரிமை உண்டு என்பது அந்தச் சட்டத்தின் நோக்கங்களில் ஒன்று. சட்டம் இருந்தால் மட்டும் போதாது. யார் மீது புகார் சொல்வது என்று தெரிய வேண்டும் அல்லவா? "எப்படியோ என் விலாசம் போய்விட்டது" என்று சொல்கிறவரின் பேச்சு காற்றோடு போகும். "இந்தக் குறியை இந்தக் கடைக்கு மட்டும்தான் கொடுத்தேன்" என்று சொல்கிறவரின் கையில் பிடிமானம் இருக்கிறது.

புள்ளி வைத்தால் என்ன?

ஜிமெயிலில் புள்ளிக்கும் ஒரு கதை உண்டு. சொந்த உபயோகத்துக்கான ஜிமெயில் விலாசத்தில், சுழிக்கு முன்னால் எத்தனை புள்ளி வைத்தாலும், வைக்காவிட்டாலும், அது ஒரே விலாசம்தான். "முத்து.ராமன்" என்றாலும் "முத்துராமன்" என்றாலும் ஒரே பெட்டி. ஆனால் கல்லூரியோ கம்பெனியோ தன் சொந்தப் பெயரில் நடத்தும் விலாசங்களில் இப்படி அல்ல. அங்கே புள்ளி மாறினால் ஆளே மாறலாம்.

இதை வைத்தும் தபாலைப் பிரிக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். புள்ளி வைத்த விலாசம் கடைக்கு, வைக்காதது பாங்கிக்கு என்று. கூட்டல் குறியை ஏற்காத இடத்தில் இது உதவும். ஆனால் எந்தப் புள்ளி எதற்கு என்று நினைவு வைத்துக்கொள்வது கஷ்டம். குறிச்சொல்லுக்குப் பொருள் உண்டு. புள்ளிக்குப் பொருள் இல்லை. ஆகவே எது முடியுமோ அங்கே கூட்டல் குறியே மேல்.

புள்ளியைப் பற்றி இன்னொரு வீண் பயமும் இருக்கிறது. "என் பெயரில் புள்ளி வைத்து வேறொருவர் விலாசம் எடுத்துவிட்டார்; அவருடைய கடிதம் எனக்கு வருகிறது" என்பார்கள். ஜிமெயிலில் அப்படி எடுக்க முடியாது. யாரோ தம்முடைய விலாசத்தைத் தப்பாக எழுதிக் கொடுத்திருக்கிறார் என்பதே பொருள். தாத்தா பெயரும் பேரன் பெயரும் ஒன்றாக இருக்கும் செட்டிநாட்டில் இந்தத் தவறு நேர்வது சுலபம். அப்படி வந்த கடிதத்தில் இருக்கும் இணைப்பைத் தட்டாமல், அனுப்பியவருக்குத் தகவல் தெரிவித்துவிட்டு விட்டுவிடுவதே மரியாதை.

குறைகளும் உண்டு

நல்லதை மட்டும் சொல்லிக் குறையை மறைப்பது நியாயமல்ல. இந்த முறையிலும் கவனிக்க வேண்டியவை இருக்கின்றன.

முதலாவது, கூட்டல் குறி பூட்டு அல்ல. குறியையும் சொல்லையும் நீக்கிவிட்டால் உண்மையான விலாசம் தெரிந்துவிடும். விளம்பரம் அனுப்புவதையே தொழிலாகக் கொண்டவர்களில் கெட்டிக்காரர்கள் அதை நீக்கிவிட்டு எழுதுவார்கள். ஆகவே முன்பின் தெரியாத இடத்துக்கு இது போதாது. ஆப்பிள் நிறுவனம் 2021ல் கொண்டு வந்ததைப் போல, உண்மை விலாசத்தையே மறைத்து இரவல் விலாசம் கொடுக்கும் சேவைகள் அதற்குத் தனியே உள்ளன.

இரண்டாவது, எந்த இடத்தில் எந்தக் குறி கொடுத்தோம் என்பது நினைவிருக்க வேண்டும். மறுபடி உள்ளே நுழையும்போது அதே விலாசத்தை அப்படியே தட்டினால்தான் கதவு திறக்கும். ஆகவே குறிகளை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கார், வங்கி, தேர்வு, வீடு, கடை என்று ஐந்து போதும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பது இன்னும் நல்லது. கடவுச்சொல்லை மட்டும் அந்த நோட்டில் எழுத வேண்டாம்.

மூன்றாவது, நாம் பதில் எழுதும்போது அது பொதுவாகக் குறியில்லாத விலாசத்திலிருந்தே போகும். புகார் மனு முதலியவற்றில் "நீங்கள் பதிவு செய்த விலாசத்திலிருந்து எழுதவில்லை" என்று திருப்பி அனுப்பலாம். செட்டிங்ஸில் குறியோடு கூடிய விலாசத்தையும் அனுப்பும் விலாசமாகச் சேர்த்துக்கொண்டால் இந்தத் தொல்லை தீரும்.

நான்காவது, எல்லாக் கடிதத்தையும் முன்வாசலில் நிற்காமல் உள்ளே போகச் சொல்லிவிடாதீர்கள். கடை விளம்பரம் நேரே தன் அறைக்குப் போகட்டும். ஓய்வு நாளில் பார்த்துக்கொள்ளலாம். வங்கியும் சர்க்காரும் தேர்வும் சீட்டு ஒட்டிக்கொண்டு இன்பாக்ஸிலேயே நிற்க வேண்டும். பிரிப்பது மறைப்பதற்காக அல்ல, கண்ணில் படுவதற்காக.

ஐந்தாவது, இதை வைத்துக் கொண்டு ஓர் ஆளே பத்து ஆளாக வேஷம் போட்டு, முதல் முறை வாங்குகிறவருக்குக் கொடுக்கும் சலுகையைப் பத்து முறை வாங்கப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். இத்தகையவர்களால்தான் சில கம்பெனிகள் கூட்டல் குறியைக் கண்டாலே முகம் சுளிக்கின்றன. நாலு பேரின் பேராசைக்காக நாற்பது பேர் சௌகரியத்தை இழக்கலாமா?

வலைத்தளங்களுக்கு ஒரு வார்த்தை

கடைசியாக, வலைத்தளம் அமைக்கிறவர்களுக்கும் அமைக்கச் சொல்கிற அதிகாரிகளுக்கும் ஒரு விண்ணப்பம். பல தளங்களில் கூட்டல் குறியோடு விலாசம் எழுதினால், "தவறான விலாசம்" என்று சிவப்பு எழுத்தில் மிரட்டுகிறார்கள். தவறு விலாசத்தில் இல்லை. சுழிக்கு முன்னால் கூட்டல் குறி வரலாம் என்பது 1982ஆம் ஆண்டு வெளிவந்த 822ஆம் எண் விதிக் குறிப்பிலேயே இடம் பெற்ற விஷயம். நாற்பது வருஷத்துக்கு மேலான விதி இது. இதைத் தெரியாமல் எழுதிய ஒரு வரி நிரல், ஆயிரக்கணக்கான ஜனங்களின் சௌகரியத்தைத் தடுக்கிறது.

இன்னும் சில தளங்கள் விலாசத்தை ஏற்றுக்கொண்டுவிட்டு, பிறகு கூட்டல் குறியை வெற்றிடம் என்று தப்பாகப் படித்துவிடுகின்றன. இது அதைவிட ஆபத்து. ஏற்றுக்கொண்டார்கள் என்று விண்ணப்பதாரர் நிம்மதியாக இருப்பார், கடிதமோ வராது. ஆகவே வாசகர்களுக்கும் ஒரு யோசனை: குறியோடு விலாசம் கொடுத்ததும், உறுதிப்படுத்தும் கடிதம் வந்து சேர்ந்ததா என்று அங்கேயே பார்த்துவிட வேண்டும். வராவிட்டால் குறியில்லாத விலாசத்தைக் கொடுப்பதே புத்திசாலித்தனம்.

தபால் இலாகா ஒரு காலத்தில் "விலாசத்தைச் சுருக்கி எழுதுங்கள், பின்கோடு வேண்டாம்" என்று சொன்னதுண்டா? கூடுதலாக ஓர் அடையாளம் எழுதுங்கள் என்றுதான் கேட்டுக்கொண்டது. ஜனங்கள் தாமாகவே முன்வந்து அடையாளம் எழுதும்போது, சர்க்கார் தளமும் பாங்கித் தளமும் அதை மறுப்பது எந்த விதத்தில் நியாயம்? தேர்வு வாரியங்களும் பல்கலைக்கழகங்களும் மின்சார வாரியமும் தங்கள் விண்ணப்பப் படிவங்களை ஒரு முறை சோதித்துப் பார்த்து இந்தக் குறையைத் திருத்த வேண்டும். இதற்குப் புது இலாகா வேண்டாம். வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கீடு வேண்டாம். திருத்தியதைச் சரிபார்க்கக் கூட்டல் குறியோடு ஒரே ஒரு விலாசத்தைத் தட்டிப் பார்த்தால் போதும்.

பள்ளிக்கூடங்களும் தங்கள் பங்கைச் செய்யலாம். தமிழ்ப் பாடத்தில் கடிதம் எழுதக் கற்றுக் கொடுக்கிறார்கள். விலாசம் எழுதும் இடம், தேதி எழுதும் இடம் எல்லாம் சொல்லிக் கொடுக்கிறார்கள். கம்ப்யூட்டர் வகுப்பில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, மின்னஞ்சலில் வருகிற கடிதத்தைப் பிரித்து வைக்கவும் சொல்லிக் கொடுக்கட்டும். அந்தப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள்.

வருகிற கடிதத்தைத் தடுக்க நம்மால் முடியாது. அது நாளுக்கு நாள் பெருகத்தான் போகிறது. ஆனால் எது எந்த அறைக்குப் போக வேண்டும் என்று தீர்மானிப்பது நம் கையில் இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பாங்கிக்கு ஒரு குறி, பிறகு சர்க்காருக்கு ஒரு குறி என்று தொடங்குங்கள். தேர்வு எழுதும் பிள்ளை வீட்டில் இருந்தால், அந்தக் குறியை முதலில் போடுங்கள். மற்றவை அடுத்த வாரம் வரை காத்திருக்கும். தேர்வு வாரியத்தின் கெடு காத்திருக்காது.